பெடலுக்கு அடியில் பொறித்த வாக்கு

உங்கள் வீட்டுச் சைக்கிளை ஒருமுறை கவிழ்த்து நிறுத்திப் பாருங்கள். இரண்டு பெடல்களையும் இணைக்கும் அச்சு ஓடுகிறதே, அந்தக் குட்டைக் குழாயின் அடிப்பக்கத்தில் பெரும்பாலும் சில எழுத்துகளும் எண்களும் குத்தப்பட்டிருக்கும். சைக்கிள் திருடு போனால் போலீஸ் ஸ்டேஷனில் கேட்பார்கள் என்பதைத் தவிர, அந்த எண்ணால் நமக்கு வேறு வேலை வருவதில்லை.

கையால் ஃப்ரேம் கட்டும் ஒரு நல்ல பட்டறையில் அந்த எண்ணுக்கு வேறு மதிப்பு. எண்ணைச் சொன்னதும் பேரேட்டைப் புரட்டுவார்கள். யாருக்காகக் கட்டியது, எந்த வருடம், வாங்கியவரின் கால் நீளம் என்ன, எந்த ஆலையின் குழாய், என்ன நிறம் என்று பக்கத்தைப் பார்த்துச் சொல்வார்கள். முப்பது வருடம் ஓடி விரிசல் விட்ட ஃப்ரேமாக இருந்தாலும் "கொண்டுவாருங்கள், சரி செய்யலாம்" என்பார்கள். விற்ற பொருளை விற்ற பிறகும் தன் பொருளாகவே நினைக்கும் இந்தப் பழக்கம் எங்கே பிறந்தது? அதன் வரலாற்றில் தையல் மெஷின் வியாபாரிகள் வருகிறார்கள். ஆணி செய்தவர்கள் வருகிறார்கள். பந்தயச் சூதாட்டக்காரர்களும் நீதிபதிகளும் வருகிறார்கள். நம் அம்பத்தூரும் வருகிறது.

தொடக்கம் 1817. ஜெர்மனியின் மான்ஹைம் நகரில் கார்ல் டிரைஸ் என்ற வன அதிகாரி, இரண்டு மரச் சக்கரங்களை ஒன்றன்பின் ஒன்றாக வைத்து, நடுவில் உட்கார்ந்து காலால் தரையை உந்தி ஓட்டும் வண்டியைத் தெருவில் இறக்கினார். பெடல் கிடையாது, செயின் கிடையாது. அடுத்த ஆண்டு பாடன் அரசு அவருக்குத் தனியுரிமை வழங்கியது. பாடன் எல்லைக்கு வெளியே அந்தக் காகிதத்தை யார் மதிப்பார்கள்? தச்சர்களும் கோச்சு வண்டி செய்பவர்களும் ஊருக்கு ஊர் பார்த்துப் பார்த்துச் செய்யத் தொடங்கினார்கள்.

அப்படி நகல் செய்தவர்களில் திறமையானவர் லண்டனின் டெனிஸ் ஜான்சன். லாங் ஏக்கர் தெருவில் கோச்சு வண்டிப் பட்டறை வைத்திருந்தவர். டிரைஸின் கனத்த மர வண்டியை வளைத்து மெருகேற்றி, இரும்பு பாகங்கள் சேர்த்து, 1818 இறுதியில் இங்கிலாந்தில் தன் பெயரிலேயே காப்புரிமை வாங்கினார். 1819-இல் அவர் பட்டறையிலிருந்து முந்நூற்றுக்கும் மேற்பட்ட வண்டிகள் வெளியேறின. அவற்றில் இன்றும் அருங்காட்சியகங்களில் மிஞ்சியிருப்பவற்றில் வரிசை எண்கள் இருக்கின்றன. இரண்டு சக்கர வண்டி பிறந்து இரண்டே வருடத்தில் அதற்கு எண் வந்துவிட்டது. நகல்கள் பெருகிய ஊரில் "இது என் கை வேலை" என்று காட்ட எண் உதவியிருக்கும். ஆனால் மோகம் ஒரே கோடையில் அடங்கிவிட்டது. வண்டி நடைபாதைக்கு இடைஞ்சல் என்று அபராதம் விழுந்தது, கேலிச்சித்திரங்கள் குவிந்தன. எண் இருந்தது, பொறுப்பேற்க ஆளும் இருந்தார், வாடிக்கையாளர்தான் இல்லை.

செய்தவருக்கும் பயன்படுத்துபவருக்கும் நடுவே என்ன உறவு என்ற கேள்வி 1842-இல் இங்கிலாந்தின் நீதிமன்றத்துக்கு வந்தது. வின்டர்பாட்டம் என்ற தபால் கோச்சு ஓட்டுநர், வண்டி உடைந்ததால் தூக்கி எறியப்பட்டுக் காலில் ஊனமடைந்தார். வண்டியைக் கொடுத்துப் பராமரிக்க வேண்டிய ரைட் மீது வழக்குப் போட்டார். ரைட் ஒப்பந்தம் செய்திருந்தது தபால்துறைத் தலைவரோடு, ஓட்டுநரோடு அல்ல. எனவே ஓட்டுநருக்கு இழப்பீடு கேட்கும் உரிமை இல்லை என்று நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள். யாரிடம் நேரில் காசு வாங்கினாயோ அவருக்கு மட்டும் பதில் சொன்னால் போதும் என்பது சட்டமாயிற்று. தானே செய்து தானே விற்கும் கைவினைஞருக்கு இந்தத் தீர்ப்பால் எந்த மாற்றமும் இல்லை. வாங்குபவர் எதிரிலேயே நிற்கிறார். நடுவில் டீலர் வந்த பிறகுதான் இந்தச் சட்டத்தின் கொடுமை தெரிந்தது.

1860-களில் பாரிஸில் சைக்கிளுக்குப் பெடல் முளைத்தது. பியர் மிஷோ என்ற கொல்லரின் பட்டறையும், பணக்கார ஒலிவியே சகோதரர்களும் சேர்ந்து அதை விற்றார்கள். பியர் லால்மான் என்ற பிரெஞ்சு மெக்கானிக் அமெரிக்காவுக்குப் போய் 1866-இல் தன் பெயரில் காப்புரிமை பெற்றார். பெடல் யாருடைய யோசனை என்று இன்றும் வாதாடுகிறார்கள். நம் கதைக்கு முக்கியமானது வேறொன்று. முதலில் வந்த மிஷோ வண்டிகளின் நடுத்தண்டு வார்ப்பு இரும்பு. வேகமாக ஊற்றி எடுக்கலாம் என்பது அதன் வசதி. பாரிஸின் கல் பாவிய தெருக்களில் அது முறிந்தது. பிறகு சம்மட்டியால் அடித்து உருவாக்கிய தேனிரும்புக்கு மாறினார்கள். பெடல் வைத்த சைக்கிளின் வரலாற்றில் முதல் பெரிய பழுதுக்கு அவசரமே காரணம்.

அந்த மோகத்தைப் பாரிஸில் பார்த்துக்கொண்டிருந்தார் ரோலி டர்னர் என்ற இளைஞர். அவர் கவன்ட்ரி நகரத்துத் தையல் மெஷின் கம்பெனியின் பாரிஸ் ஏஜென்ட். ஒரு வண்டியை இங்கிலாந்துக்குக் கொண்டுபோய், கம்பெனி நடத்திய தன் மாமாவிடம் காட்டினார். பிரான்ஸுக்கு ஏற்றுமதி செய்ய நானூறு வண்டிகளுக்குத் திட்டம் போட்டார்கள். 1870-இல் பிரான்ஸுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டு அந்தச் சந்தை சரிந்தது. செய்த வண்டிகளை உள்ளூரிலேயே விற்கப் போய், கவன்ட்ரி உலகத்தின் சைக்கிள் தலைநகரமானது. அந்தத் தொழிற்சாலையில் போர்மேனாக இருந்த ஜேம்ஸ் ஸ்டார்லி பிறகு தனியே போய்க் கம்பி ஆரங்கள் கொண்ட சக்கரத்தைப் பிரபலமாக்கினார். அமெரிக்காவிலும் இதே கதைதான். 1878-இல் ஆல்பர்ட் போப் தன் கொலம்பியா சைக்கிள்களைச் செய்யச் சொல்லிப் போய் நின்ற இடம், ஹார்ட்ஃபோர்டில் வீட் தையல் மெஷின் கம்பெனி.

தையல் மெஷின் தொழிலிடமிருந்து சைக்கிள் பெற்றது லேத்துகளை மட்டுமல்ல. வரிசை எண் அடிப்பது, ஊருக்கு ஊர் ஏஜென்ட் வைப்பது, தவணையில் விற்பது, உதிரி பாகம் கொடுப்பது எல்லாமே தையல் மெஷின்காரர்களின் வழக்கம். ஒரு குடும்பத்தின் ஒரு வருடச் சேமிப்பை விழுங்கும் பொருளை விற்க வேண்டுமென்றால், விற்ற பிறகும் நாங்கள் இருப்போம் என்று நம்ப வைக்க வேண்டியிருந்தது. வரிசை எண்ணும் பேரேடும் அந்த நம்பிக்கையின் கருவிகள்.

1885-இல் ஜேம்ஸின் சகோதரர் மகன் ஜான் கெம்ப் ஸ்டார்லி கொண்டுவந்த ரோவர் சைக்கிள், ஏறக்குறைய சம அளவுச் சக்கரங்களும் பின்சக்கரத்துக்குச் செயினும் உடையது. சில வருடங்களில் ஃப்ரேம் இன்று நாம் காணும் வைர வடிவத்துக்கு வந்து நின்றது. அதோடு ஃப்ரேம் கட்டும் முறையும் நிலைத்தது. மெல்லிய எஃகுக் குழாய்களின் முனைகளை லக் எனப்படும் குழல்மூட்டுகளுக்குள் செருகி, இடைவெளியில் பித்தளையை உருக்கி ஓடவிடுவார்கள். நம் பொற்கொல்லர் வெண்காரம் தடவிப் பொடிவைத்து ஊதுவதைப் பார்த்திருப்பவர்களுக்கு இது புரியும். இங்கேயும் மூட்டில் பூசுவது பெரும்பாலும் வெண்காரம் கலந்த பசைதான்.

பல வருடத்துக்குப் பிறகும் பொறுப்பேற்க முடிவதன் ரகசியம் இந்த மூட்டில் இருக்கிறது. ஹேண்டில்பாருக்குக் கீழிருந்து பெடல் அச்சை நோக்கிச் சரியும் குழாயில் விரிசல் என்று வைத்துக்கொள்வோம். பட்டறைக்காரர் பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு, ஹாக்ஸா பிளேடால் அந்தக் குழாயின் நடுப்பகுதியை அறுத்து எடுக்கிறார். இரு முனைகளிலும் லக்குக்குள் இரண்டு துண்டுகள் மாட்டிக்கொண்டு நிற்கும். கேஸ் டார்ச்சை மெதுவாக லக்கைச் சுற்றிக் காட்டுகிறார். எஃகு உருக ஏறக்குறைய 1,500 டிகிரி செல்சியஸ் வேண்டும். பித்தளைக்கு 900 டிகிரி அளவு போதும். வெள்ளி கலந்த பற்று 700-க்குள்ளேயே இளகிவிடும். லக் செஞ்சிவப்பாகி, மூட்டின் விளிம்பில் பித்தளை ஈரம்போல மினுங்கும் சில நொடிகளில், குறட்டால் துண்டைப் பிடித்து முறுக்கி இழுத்துவிட வேண்டும். கொஞ்சம் தாமதித்தால் பக்கத்து மூட்டும் இளகும். குழாய் எஃகும் கெடும். பிறகு உள்ளே அரம் போட்டுச் சுத்தம் செய்து, புதுக் குழாயின் முனையைப் பிறைபோல அரவிப் பொருத்தி, மீண்டும் பற்றவைப்பார். பழைய ஃப்ரேமின் மற்றப் பகுதிகள் அப்படியே இருக்கும். பிரிக்கக்கூடிய மூட்டைக் கொண்டு கட்டியதால்தான் அவரால் வாக்கு கொடுக்க முடிகிறது.

குழாயின் கதை ஆணியிலிருந்து வருகிறது. பர்மிங்ஹாமில் ரெனால்ட்ஸ் குடும்பம் ஆணி செய்து விற்றுக்கொண்டிருந்தது. அந்தக் குடும்பத்தின் ஆல்ஃபிரெட் மில்வர்ட் ரெனால்ட்ஸ் ஒரு சிக்கலுக்கு விடை தேடினார். மூட்டருகே குழாய் தடித்திருந்தால்தான் பலம். நடுவில் தடித்திருந்தால் வீண் கனம். வெளியளவு மாறாமல், முனைகளில் மட்டும் உட்பக்கமாகத் தடித்த குழாய்க்கு 1897-இல் காப்புரிமை வாங்கினார். முனையில் 0.9 மில்லிமீட்டர், நடுவில் 0.6 மில்லிமீட்டர் என்பது பிற்காலத்தில் சாதாரண அளவானது. இத்தனை மெல்லிய உலோகத்தை நம்பி மலைச்சரிவில் இறங்குபவருக்கு, அதை ஒட்டவைத்த கை யாருடையது என்று தெரிந்தாக வேண்டும்.

ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கைகள் மறைந்து தொழிற்சாலைகள் எழுந்தன. ஹாங்காங்கில் சம்பாதித்துத் திரும்பிய ஃபிராங்க் போடன், உடல்நலத்துக்காகச் சைக்கிள் ஓட்டப் போய், நாட்டிங்ஹாமின் ராலி தெருவில் இருந்த ஒரு சிறு பட்டறையில் பணம் போட்டார். அதுதான் ராலி கம்பெனியாக வளர்ந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராலி தன் விளம்பரங்களில் "என்றென்றைக்கும் உத்தரவாதம்" என்று அறிவித்தது. ஒரு பட்டறைக்காரர் வாடிக்கையாளர் முகத்தைப் பார்த்துச் சொல்லிவந்த வார்த்தை, அச்சில் ஏறி, முகம் தெரியாத லட்சக்கணக்கானவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. வாக்கு பண்டமாக மாறிய கணம் அது.

அமெரிக்காவில் இதே காலத்தில் சைக்கிள் மோகம் உச்சிக்குப் போய் விழுந்தது. மலிவு வண்டிகள் குவிந்த அந்தச் சந்தையில், ஓஹாயோ மாநிலத்தின் டேட்டன் நகரத்தில் இரண்டு சகோதரர்கள் 1896 முதல் ஆர்டருக்குக் கையால் சைக்கிள் கட்டினார்கள். வான் கிளீவ், செயின்ட் கிளேர் என்று பெயர் வைத்தார்கள். தூசி புகாமல் எண்ணெய் தங்கும் சக்கரக் குடத்தைத் தாங்களே வடிவமைத்தார்கள். குழாய், செயின், கம்பி எல்லாம் பழகிய அந்தக் கைகள் 1903-இல் விமானம் செய்தன. ஆர்வில், வில்பர் ரைட் சகோதரர்கள் சைக்கிள் தொழிலை விட்டுவிட்டார்கள். அவர்கள் கட்டிய சைக்கிள்களில் மிகச் சிலவே இன்று மிஞ்சியிருக்கின்றன. செய்தவர் வேறு தொழிலுக்குப் போனால் அவர் கொடுத்த வாக்கை யாரிடம் போய்க் கேட்பது என்ற கேள்வி இங்கிருந்து நம் கூடவே வரும்.

டீலர் நடுவில் நின்ற காலத்தின் அநியாயத்தை ஒரு மரச் சக்கரம் முடித்துவைத்தது. மெக்பெர்சன் என்ற கல்தச்சர் டீலரிடம் ஒரு பியூயிக் கார் வாங்கினார். ஓட்டிப் போகையில் சக்கரத்தின் மர ஆரங்கள் நொறுங்கி அவர் தூக்கி எறியப்பட்டார். சக்கரத்தைச் செய்தது பியூயிக் அல்ல, வேறொரு கம்பெனி. காரை விற்றதும் பியூயிக் அல்ல, டீலர். வின்டர்பாட்டம் காலத்துச் சட்டப்படி வழக்கே நிற்காது. 1916-இல் நியூயார்க் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் நீதிபதி பெஞ்சமின் கார்டோசோ அந்தச் சுவரை உடைத்தார். கவனக்குறைவாகச் செய்தால் ஆபத்தாகும் பொருளைச் செய்பவர், அது யார் கைக்குப் போனாலும் பொறுப்பு என்றார். நல்ல பட்டறைகள் தாமாகவே கடைப்பிடித்த நெறி, எழுபத்து நான்கு வருடம் கழித்துச் சட்டத்துக்குள் நுழைந்தது.

இரு போர்களுக்கு இடையே பிரிட்டனில் ஃப்ரேம் கட்டும் கலை மலர்ந்தது. ரஷ்யாவிலிருந்து வந்த யூதரான ஹைமன் ஹெட்சின் வடக்கு லண்டனின் டாட்டன்ஹாமில் கடை வைத்தார். ஃப்ரேம்களைக் கட்டியவர் ஜாக் டென்னி. அவர்களுடைய பின்சக்கரத் தண்டுகள் பாம்புபோல நெளிந்திருக்கும். அமெச்சூர் பந்தயங்களில் விளம்பரத்துக்குக் கடும் தடை இருந்த காலம் அது. பத்திரிகைப் படத்தில் பெயர் தெரியாவிட்டாலும் நெளிந்த தண்டைப் பார்த்ததும் ஹெட்சின்ஸ் என்று தெரிந்துவிடும். ஃப்ரேமின் உருவமே கையெழுத்தானது. இன்னொரு பக்கம், தெற்கு லண்டனின் புகழ்பெற்ற கிளாட் பட்லர் 1950-களில் நொடித்துப்போனார். அவர் பெயரை ஹோல்ட்ஸ்வொர்த் கம்பெனி வாங்கியது. பிறகு அது மேலும் கை மாறியது. பெயரை விற்க முடியும், வாங்க முடியும் என்று தொழில் கற்றுக்கொண்டது. பெயரோடு பழைய வாக்கும் வருமா என்பது வாங்கியவரின் மனசாட்சியைப் பொறுத்தது.

பிரான்சில் கைவினைஞர்களின் பொறுப்பை நாலு பேர் பார்க்கச் சோதித்தார்கள். 1934-இல் மலைப்பகுதியின் கரடுமுரடான பாதைகளில் சைக்கிள்களுக்கான போட்டி தொடங்கியது. யார் முதலில் வருகிறார் என்பதைவிட, வண்டி எவ்வளவு லேசாக இருக்கிறது, வழியில் என்ன உடைந்தது என்பதற்குத்தான் மதிப்பெண். பாரிஸை ஒட்டிய லெவலுவா-பெரேயில் பட்டறை வைத்திருந்த ரெனே ஹெர்ஸும் அலெக்ஸ் சிங்கரும் இதில் பெயர் எடுத்தார்கள். 1946-இல் சிங்கர் கட்டிய சைக்கிள் விளக்கு, மட்கார்டு, கேரியர் எல்லாம் சேர்த்தும் 7 கிலோவுக்குக் குறைவு. ஹெர்ஸுக்குப் பிறகு மகள் லிலியும் அவர் கணவரும் 1980-கள் வரை பட்டறையை நடத்தினார்கள்; அதன்பின் பெயர் அமெரிக்காவுக்குப் போய்விட்டது. சிங்கரின் பட்டறை அவருடைய மருமகன் எர்னெஸ்ட் சூக்காவிடமும், அங்கிருந்து எர்னெஸ்டின் மகன் ஒலிவியேவிடமும் போனது. அதே ஊர், அதே தொழில், மூன்று தலைமுறை.

இத்தாலியில் வேறு வகை நாடகம். மிலானின் விகொரெல்லி சைக்கிள் பந்தய அரங்கத்துக்கு அடியிலேயே ஃபலியேரோ மாசியின் பட்டறை. பெரிய வீரர்கள் தங்கள் உடலளவுக்கு அவரிடம் ஃப்ரேம் கட்டிக்கொண்டு, மேலே அணிக்குப் பணம் கொடுக்கும் கம்பெனியின் பெயரை எழுதிக்கொள்வார்கள். 1972 அக்டோபரில் மெக்சிகோ நகரத்தில் எடி மெர்க்ஸ் ஒரு மணி நேரத்தில் 49.431 கிலோமீட்டர் ஓட்டி உலகச் சாதனை படைத்த சைக்கிளைக் கட்டியவர் எர்னெஸ்தோ கொல்னாகோ. அதன்மேல் எழுதியிருந்தது மெக்சிகோ கம்பெனியான வின்ட்சரின் பெயர். வெளியே எந்தப் பெயர் இருந்தாலும், பழுது வந்தால் யாரிடம் போக வேண்டும் என்பது வீரர்களுக்குத் தெரியும். மாசி 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவுக்கான பெயர் உரிமையை விற்றார். கலிஃபோர்னியாவில் மாசி என்ற பெயரில் ஒரு கம்பெனி. மிலானில் அவருடைய மகன் அல்பெர்த்தோ அதே அரங்கத்தடியில் தொடர்ந்தார். ஒரே பெயருக்கு இரண்டு உரிமையாளர்கள்.

மிலானிலிருந்து கலை ஜப்பானுக்குப் பயணமான விதம் அழகானது. 1970-இல் யோஷியாகி நாகாசாவா என்ற இளைஞர் இத்தாலிக்குப் போனார். சாந்தே போலியாகியிடமும் உகோ தே ரோசாவிடமும் வேலை கற்று, 1976-இல் ஒசாகா அருகே தன் பட்டறையைத் திறந்தார். அங்கே அவருக்காகக் காத்திருந்த சந்தை கெய்ரின். போருக்குப் பிந்தைய ஜப்பானில் நகராட்சிகளுக்கு வருமானம் தேட 1948-இல் கொகுரா நகரில் தொடங்கிய சைக்கிள் பந்தயச் சூதாட்டம் அது. பணம் கட்டியவர்கள் ஆயிரக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒரு ஃப்ரேம் முறிந்தால் கலவரம்தான். அதனால் அங்கீகாரம் பெற்ற கைவினைஞர்கள் மட்டுமே கெய்ரின் ஃப்ரேம் கட்டலாம். அங்கீகார முத்திரையும் ஃப்ரேமில் குத்தப்பட வேண்டும். கைவினைஞரின் நேர்மையை இங்கே காத்தது சூதாட்டம். நாகாசாவாவின் ஃப்ரேம்களில் கோய்ச்சி நாகானோ 1977 முதல் 1986 வரை தொடர்ந்து பத்து முறை உலக ஸ்பிரின்ட் பட்டம் வென்றார்.

அமெரிக்காவில் 1973-இல் மட்டும் ஏறக்குறைய ஒன்றரைக் கோடி சைக்கிள்கள் விற்றன. அந்த அலையில் சில இளைஞர்கள் எதிர்த்திசையில் நீந்தினார்கள். ரிச்சர்ட் சாக்ஸ் என்ற பையன் இங்கிலாந்தின் பல பட்டறைகளுக்குக் கடிதம் எழுதினார். தென்கிழக்கு லண்டன் டெப்ட்ஃபோர்டின் விட்கோம்ப் குடும்பம் வரச் சொன்னது. பீட்டர் வைகல், பென் செரோட்டா ஆகியோரும் அதே பட்டறைக்குப் போனார்கள். திரும்பி வந்தவர்கள் அமெரிக்காவின் கிழக்குக் கரையில் ஃப்ரேம் கட்டும் தலைமுறையை உருவாக்கினார்கள். சாக்ஸ் 1975 முதல் தனி ஆளாகக் கட்டினார். அவருடைய ஃப்ரேமுக்காக வாடிக்கையாளர்கள் வருடக்கணக்கில் காத்திருந்தார்கள்.

அதே 1975-இல் அமெரிக்க நாடாளுமன்றம் மேக்னசன்-மாஸ் சட்டத்தைக் கொண்டுவந்தது. உத்தரவாதம் கொடுத்தால் அது முழுமையானதா வரம்புக்கு உட்பட்டதா என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்றது. இன்று பெட்டிகளில் நாம் படிக்கும் ‘வரம்புக்கு உட்பட்ட ஆயுள் வாரண்டி’ என்ற சொற்றொடர் இந்தச் சட்டத்தின் குழந்தை. முதலில் வாங்கியவருக்கு மட்டும், பில் இருந்தால் மட்டும் என்று நிபந்தனைகள் வரிசையாக வந்தன. 1976-இல் நடைமுறைக்கு வந்த அமெரிக்க சைக்கிள் பாதுகாப்பு விதிகளோ, ஒரு தனி வாடிக்கையாளரின் ஆர்டருக்காகத் தனித்துக் கட்டப்படும் சைக்கிளுக்கு விலக்குக் கொடுத்தன. தொழிற்சாலையைச் சட்டம் கண்காணித்தது. கைவினைஞரை அவருடைய சொல்லிடமே விட்டுவைத்தது.

தொழிற்சாலை உத்தரவாதத்தின் கதையைச் சிகாகோவின் ஷ்வின் கம்பெனி முழுமையாகச் சொல்கிறது. 1895-இல் தொடங்கி, ஆயுள் உத்தரவாதத்தைத் தன் பெருமையாக விளம்பரப்படுத்திய கம்பெனி. 1948-இல் தொழிற்சாலையில் பிடித்த தீயில் அதுவரையிலான வரிசை எண் பதிவேடுகள் எரிந்துபோயின. எண்கள் ஃப்ரேம்களில் இருக்கின்றன. அவற்றைப் படிக்கும் பேரேடு இல்லை. 1980 வேலைநிறுத்தத்துக்குப் பிறகு ஷ்வின் தன் உற்பத்தியைத் தைவானின் ஜயன்ட் கம்பெனியிடம் மேலும் மேலும் ஒப்படைத்தது. ஜயன்ட் தன் சொந்தப் பெயரிலும் விற்கத் தொடங்கியது. 1992-இல் ஷ்வின் திவாலானது. இதில் ஒரு கிளை மட்டும் பிழைத்தது. ஷ்வினின் கையால் கட்டும் பாரமவுன்ட் சைக்கிள் பிரிவை, நிறுவனரின் கொள்ளுப்பேரன் ரிச்சர்ட் ஷ்வின் 1993-இல் கூட்டாளியோடு வாங்கினார். விஸ்கான்சின் மாநிலத்தின் வாட்டர்ஃபோர்டு ஊரில், 2023-இல் மூடும் வரை முப்பது வருடம் ஃப்ரேம் கட்டினார்.

இந்த இடத்தில் நம் ஊருக்கு ஒரு வழி திறக்கிறது. ஆணிக் குடும்பத்தின் ரெனால்ட்ஸ் குழாய்க் கம்பெனியை 1928-இல் தன்னோடு சேர்த்துக்கொண்டது டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனம். அதன் தலைவர் சர் ஐவன் ஸ்டெட்ஃபோர்டு முருகப்பா குடும்பத்தோடு கைகோத்து 1949-இல் தொடங்கியதுதான் டி.ஐ. சைக்கிள்ஸ். அந்தச் சைக்கிள் தொழிற்சாலை எழுந்த அம்பத்தூரில் ஸ்டெட்ஃபோர்டு பெயரில் இன்றும் மருத்துவமனை இருக்கிறது. 1960-இல் ராலியும் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் குடைக்குள் வந்தது. 1976-இல் ரெனால்ட்ஸ் 753 என்ற மிக மெல்லிய குழாயைக் கொண்டுவந்தபோது ஒரு புதிய விதி போட்டது. பட்டறைக்காரர் மூட்டு ஒன்றைப் பற்றவைத்து அனுப்ப வேண்டும். சோதனையில் தேறினால்தான் குழாய் விற்கப்படும். செய்தவரின் பொறுப்புக்கு மூலப்பொருள் விற்றவரும் சாட்சியானார். 1980-இல் டூர் த பிரான்ஸ் வென்ற யூப் ஸூட்டமெல்க் அணிந்த சட்டையில் டி.ஐ.-ராலி என்று எழுதியிருந்தது. அம்பத்தூர் சைக்கிள் பெயரிலும் அதே இரண்டு எழுத்துகள்.

பிறகு கார்பன் வந்தது. அதை உருக்கிப் பிரிக்க முடியாது. விரிசல் விட்டால் தூக்கி எறியத்தான் வேண்டும் என்றே பலர் நம்பினார்கள். 1991-இல் பந்தய வீரர் கிரெக் லெமாண்டுக்குக் கார்பன் ஃப்ரேம் கட்டிய கலிஃபோர்னியாவின் கிரெய்க் கால்ஃபீ, பிற கம்பெனிகளின் உடைந்த கார்பன் ஃப்ரேம்களையும் பழுதுபார்க்கத் தொடங்கினார். சேதமடைந்த இழைகளைத் தேய்த்து எடுத்து, புதிய இழைகளைப் பழைய திசையிலேயே அடுக்கி ஒட்டினார். அவருடைய நாய் ஒரு மூங்கில் குச்சியைக் கவ்வி இழுத்தும் அது முறியாததைப் பார்த்து மூங்கில் சைக்கிளும் செய்தார். அந்த யோசனை கானா வரை போய், அங்கே கிராமத்துக் கைகளில் மூங்கில் சைக்கிள்கள் உருவாயின. பொருள் எதுவானாலும் அதைத் திறந்து சரிசெய்யும் வழியைக் கண்டுபிடிப்பவரே கடைசிவரை பொறுப்பேற்க முடியும் என்பதற்கு அவர் நல்ல உதாரணம்.

இங்கிலாந்தின் டார்பியில் 1946-இல் தொடங்கிய மெர்சியன் பட்டறை இன்னும் திறந்த உலையில்தான் ஃப்ரேம் பற்றவைக்கிறது. தான் கட்டிய பழைய ஃப்ரேம்களை வாங்கிக் குழாய் மாற்றி, மறு பெயின்ட் அடித்துக் கொடுப்பது அதன் வழக்கமான வேலை. 2024-இல் அது மூடப்படுவதாக அறிவித்தது. சில மாதங்களுக்குள் புதிய உரிமையாளர்கள் பொறுப்பேற்றுத் தொடர்ந்தார்கள். அதே 2024-இல் ஐரோப்பிய ஒன்றியம் பழுதுபார்க்கும் உரிமைக்கான சட்டத்தை நிறைவேற்றியது. சலவை மெஷின், ஃபோன் ஆகியவற்றோடு மின்சார சைக்கிள்களில் உள்ளதுபோன்ற பேட்டரி கொண்ட பொருள்களையும் பட்டியலில் சேர்த்து, வாரண்டி முடிந்த பிறகும் கேட்டால் பழுதுபார்த்துக் கொடுக்க வேண்டிய கடமையைத் தயாரிப்பாளர் மேல் சுமத்தியது.

நல்ல சட்டம்தான், வரவேற்க வேண்டியது. ஆனால் இருநூறு வருடப் பயணம் காட்டுவது, பொறுப்பு என்பது காகிதத்தில் எழுதினால் வந்துவிடுவதில்லை என்பதை. பிரிக்க முடிந்த மூட்டு வேண்டும். ஷ்வினில் எரிந்துபோன அந்தப் பேரேடு வேண்டும். ரைட் சகோதரர்களுக்குப் பின் இல்லாமற்போன, சிங்கருக்குக் கிடைத்த, அடுத்த தலைமுறை வேண்டும். இந்த மூன்றும் சேரும் இடத்தில் மட்டும் வாக்கு நீடிக்கிறது. அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒரு மனிதர் தன் வாழ்நாளில் சில ஆயிரம் ஃப்ரேம்களுக்கு மேல் கட்ட முடியாது. செய்யும் எண்ணிக்கை குறைவாக இருப்பதால்தான், அவற்றில் ஒவ்வொன்றுக்கும் அவரால் கடைசிவரை பதில் சொல்ல முடிகிறது.